ஏர்கோனும் என் சபதமும்

அங்கமுத்துவை இனி வீட்டுக்குக் கூப்பிடுவதே இல்லை என்று தீபாவளியன்று சபதம் செய்தேன். அங்கமுத்து என் மனைவி புனிதாவின் அண்ணன். நியாலாஸ் பக்கம் செம்பனை ஆலையில் ஃபிட்டர். விருந்துக்கு வந்த இடத்தில், எல்லார் முன்னிலையிலும், "மாப்பிள்ளைக்கு பல்பு மாட்டக்கூட ஆள் வேணும்லா" என்று சொல்லிவிட்டார். நான் வாங்கிய ஆட்டுக்கறியைத் தின்றுகொண்டே சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவரும் ரோஷக்காரர். தங்கச்சி வீடானாலும் மாப்பிள்ளை தன் வாயால் அழைக்காமல் படியேற மாட்டார். நான் அழைக்கவில்லை. சபதம் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு தொண்ணூற்றெட்டாம் வருஷத்து வெயில் வந்தது. எங்கள் ஊரான ஆயர் குரோவில் தார் ரோடு செருப்பைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. குழாயைத் திறந்தால் வெந்நீர். தேயிலை போட்டால் தேநீர்.

"என்னங்க, அண்ணன் வீட்ல தகரக் கூரைலா. புள்ளைங்க வெந்து போதுங்க. வெயில் தணியற வரைக்கும் நம்ம ஏர்கோன் ரூம்ல வந்து படுத்துக்கட்டுமே. ஒரு போன் போடுங்க."

"மாட்டேன்."

"ஒரே ஒரு வார்த்தைதானே?"

"அந்த ஒரே ஒரு வார்த்தைதான் மாட்டேன்!"

புனிதா வாளியை எடுத்தாள். துணி காயப்போடப் பின்பக்கம் போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அன்று மாலையே ஏர்கோன் படுத்துவிட்டது. காற்று வந்தது, குளிர் வரவில்லை.

"அண்ணனுக்கு இதெல்லாம் கைவந்த வேலை."

"எனக்கும் கை இருக்கு!"

ஸ்டூல் போட்டு ஏறினேன். மூடியைக் கழற்றினேன். வடிகட்டியைக் கழுவினேன். நாலு தட்டு தட்டினேன். கழற்றியது ஆறு ஸ்குரூ, மாட்டியதும் ஆறு, கையில் மிச்சம் இரண்டு. எப்படி என்று இன்றுவரை தெரியவில்லை. ஏர்கோன் முன்னைவிடச் சூடாக ஊதியது.

விடுவேனா? ரிப்பேர் கடைக்குப் போன் போட்டேன். "பாஸ், ஊரே ரிப்பேர்லா. அடுத்த மாசம்" என்றார் கடைக்காரர்.

பசாரில் ஐஸ்கட்டி வாங்கிவந்து ஃபேனுக்கு முன்னால் பேசினில் வைத்தேன். சட்டையைக் கழற்றிவிட்டு வந்து பார்க்கிறேன், பேசினில் தண்ணீர்தான் இருந்தது.

"வேர்க்குதாங்க?" புனிதா பேப்பரால் விசிறிக்கொண்டே கேட்டாள்.

"இல்லையே!" என்றேன். மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு ஞானம் பிறந்தது. நான் கூப்பிடப்போவது மச்சானை இல்லை, ஒரு ஃபிட்டரை. சபதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. போனை எடுத்தேன்.

"மச்சான்... கொஞ்சம் வீட்டுக்கு வாங்களேன்."

"குடும்பத்தோடன்னு சொல்லுங்க. மரியாதைலா" என்று புனிதா முழங்கையால் இடித்தாள்.

"குடும்பத்தோட வாங்க மச்சான்."

"மாப்பிள்ளை வாயால கூப்பிட்டா வராம இருப்பேனா!"

நியாலாஸிலிருந்து அவ்வளவு சீக்கிரம் வேன் வந்து நான் பார்த்ததில்லை. மச்சான், அவர் மனைவி, மூன்று பிள்ளைகள், ஒரு பெரிய கான்வஸ் பை. ஏர்கோனுக்குப் பெரிய வியாதிதான் போலும் என்று நானே பையைத் தூக்கிவந்தேன். லேசாகத்தான் இருந்தது.

மச்சான் ரூமுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் துணி காயப்போடும் இடத்துக்குப் போனார். கல்யாணமான நாளிலிருந்து நான் போகாத இடம் அது. அங்கே சுவரில் புனிதாவின் துணிக்கிளிப் பை தொங்கியது. அதைத் தூக்கினார். பின்னால் ஒரு ஸ்விட்சு. தட்டினார். வெளியே சுவரில் இருந்த ஏர்கோன் பெட்டி உறுமியது.

"யாரோ ஸ்விட்சை அடைச்சிட்டாங்க மாப்பிள்ளை."

நான் புனிதாவைப் பார்த்தேன்.

"கை பட்டிருக்கும்ங்க" என்றாள். "நீங்க ஒருநாள் துணி எடுக்க வந்திருந்தா அன்னைக்கே பாத்திருப்பீங்க."

ஒரு ஸ்விட்சைத் தட்ட எதற்கு அவ்வளவு பெரிய பை? உள்ளே போய்த் திறந்து பார்த்தேன். ஒரு ஸ்குரூடிரைவர்கூட இல்லை. ஐந்து தலையணைகள் இருந்தன.

என்னுடைய தலையணை ஏற்கெனவே ஹாலில் கிடந்தது.