அன்றைக்கே விற்றுத் தொலைத்தவர்கள்

கார் வைத்திருப்பவர்கள், இல்லாதவர்கள் என்று உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள் என நினைத்திருந்தால், ஒரு சனிக்கிழமை அமெரிக்காவின் ஒஹையோ பக்கம் வாருங்கள். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு: ‘இதே காரை அன்றைக்கே விற்றுத் தொலைத்தேன்’ இனம்.

பர்கர் கடை வாசலில் பழைய கார்கள் காட்சிக்கும் விற்பனைக்கும் பானட்டைத் திறந்துகொண்டு வரிசையாக நிற்கும். சொந்தக்காரர்கள் பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். நம் மூன்றாவது இனத்தவர் நாற்காலி கொண்டுவர மாட்டார். பெல்ட் கொக்கி பெயிண்டில் உரசும் தூரத்தில் நின்று, எஞ்சினை எட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, விலையைக் கேட்டு, நெஞ்சில் கைவைத்து, பெருமூச்சு விட்டு, பிறகுதான் வாயைத் திறப்பார். திறந்தால் மூடுவாரா?

டெல்பர்ட் ஹேவர்கேம்ப் இந்த இனத்துக்கே தலைவர். முதல் குழந்தை பிறந்தபோது தன் கமாரோ காரை நானூறு டாலருக்குத் தள்ளிவிட்டுத் துணி துவைக்கும் மெஷின் வாங்கியவர். அந்த வலி நிஜம். அதில் கேலிக்கு இடமில்லை. ஆனால் சொல்லச் சொல்ல அந்த நானூறு தேய்ந்து, இப்போது இருநூற்றைம்பதில் நிற்கிறது.

போன சனிக்கிழமை லொரெட்டா ப்ரூயிட், இறந்துபோன கணவரின் கமாரோவை விற்க வந்திருந்தாள். வீட்டுக் கூரை ஒழுகுகிறது, பணம் வேண்டும். நாற்பத்தெட்டாயிரம் என்றாள். ஒருவர் சரி என்று கையையே நீட்டிவிட்டார். டெல்பர்ட்டுக்கு வயிறு எரிந்தது.

“இதுக்கா நாற்பத்தெட்டு? அன்னைக்கு ஷோரூம்லயே மூவாயிரம்தான்யா! டயர் கடையில வேலை பார்த்தே வாங்கினேன் நான்!”

நீட்டிய கை பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

லொரெட்டா எழுந்தாள். “உங்க வீட்டை விக்கணும்னு வாசல்ல போர்டு நட்டிருக்கீங்களே, எவ்வளவு சொல்றீங்க?”

“ரெண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம்.”

“வாங்கினது எவ்வளவுக்கு?”

டெல்பர்ட் எஞ்சினை எட்டிப் பார்க்கக் குனிந்துகொண்டார். பின்னால் நின்ற மனைவி நார்மாதான் சொன்னாள்: “பதினெட்டாயிரம். எழுபத்தொண்ணுல.”

“உங்க வீட்டுக்கு நான் பத்தொன்பதாயிரமாவே தர்றேன். இந்தக் காரை நீங்க மூவாயிரத்துக்கு ஓட்டிட்டுப் போங்க. சம்மதமா?”

“அது வேற, இது வேற!” என்று அலறினார் டெல்பர்ட்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பாக்கெட்டுக்குள் போன கை வெளியே வந்து லொரெட்டாவின் கையைக் குலுக்கியது. கார் கிளம்பிப் போனபோது டெல்பர்ட்டின் கண் கலங்கியிருந்தது. நார்மா பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. காலையில் தக்காளி விலையைக் கேட்டதும் “அந்தக் காலத்துல...” என்று ஆரம்பித்தீர்களே, மாலையில் மாடி போர்ஷன் வாடகையை ஏற்றும்போது அந்தக் காலம் எங்கே போயிருந்தது?

என்ன, அது வேறயா?