பூவரசடிச் சங்கத்தின் அதிபாதுகாப்பான கணினி

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பூவரசடி மரண சகாயச் சங்கத்தின் கணினி உலகத்திலேயே மிகப் பாதுகாப்பான கணினியாக இருந்தது. அதற்குள் கிருமி நுழைய முடியாது. கள்ளன் நுழைய முடியாது. அன்றைய நிலவரப்படி இணையமும் நுழைய முடியவில்லை.

சங்கத் தலைவர் கனகலிங்கம் இதைக் குறைபாடாகக் கருதவில்லை. மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். ஓர் அலுவலகத்தின் தரத்தை, அதற்குள் நுழைவது எவ்வளவு கடினம் என்பதை வைத்தே அளக்கவேண்டும் என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை.

கணினி லண்டனில் இருந்து வந்தது. அங்கே ஒரு பல் வைத்தியரின் அலுவலகம் அதைக் குப்பையில் போட இருந்த நேரத்தில், ஊரவர் ஒருவர் 'தாயகத்தின் தொழில்நுட்ப வளர்ச்சிக்காக' அதைக் காப்பாற்றிக் கப்பலில் ஏற்றினார். விசையை அமுக்கினால், பிரேதத்தைக் குளிப்பாட்டிச் சேலை உடுத்தி முடிக்கிற நேரத்தில் முகப்புத் திரை வரும். மரண சகாயச் சங்கத்துக்கு இந்த வேகம் பொருத்தமானது. செத்தவருக்கு என்ன அவசரம்?

பூவரசடியில் ஒரு சாவு என்றால் பந்தல், கதிரை, பறைமேளம், விறகு, பெட்டி தூக்க ஆட்கள் எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. சில வருடங்களாக 'நேரலை'யும் அதில் சேர்ந்திருந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருந்து அழவேண்டியிருக்கிறது. அழுவதற்கு எதையாவது பார்க்கவேண்டும். அதைக் காட்டும் உரிமை சங்கத்துக்கு மட்டுமே உண்டு.

கைபேசியில் காட்டுவது தடை. அதற்கு நியாயமான காரணம் இருந்தது. முன்பொரு செத்தவீட்டில் ஊர்ப் பெண் ஒருத்தி தன் கைபேசியில் நேரலை விட்டாள். பெட்டிக்குப் பின்னால் இருந்த இரண்டு பெண்கள், செத்தவர் எந்த மகளுக்கு எந்தக் காணியை எழுதாமல் விட்டார் என்று கதைத்தது, ஒப்பாரியைவிடத் துல்லியமாகக் கனடாவுக்குக் கேட்டது. அந்தக் குடும்பம் இன்றுவரை இரண்டாக இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் தலைவர் தடையை முன்மொழிந்தார். செயலாளர் பஞ்சலிங்கம் வழிமொழிந்தார்.

இது வரலாற்று நிகழ்வு. கனகலிங்கமும் பஞ்சலிங்கமும் ஒத்துப்போன ஒரே தீர்மானம் அதுதான்.

மற்ற எல்லாவற்றிலும் அவர்கள் ஆளை ஆள் சந்தேகித்தார்கள். அந்தச் சந்தேகத்தின் மேல்தான் சங்கம் உறுதியாக நின்றது. சங்கத்தின் அலுமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு திறப்பு தலைவரிடம், மற்றது செயலாளரிடம். ஒருவர் இல்லாமல் மற்றவர் பந்தல் துணியைக்கூடத் தொட முடியாது. இந்த உயரிய கோட்பாடு கணினிக்கும் விரிவாக்கப்பட்டது. தலைவர் ஒரு பாதுகாப்பு மென்பொருளைப் போட்டு, அதற்குத் தன் கடவுச்சொல்லை வைத்தார். "உவர் போட்ட காவலை நாங்கள் என்னெண்டு நம்பிறது?" என்று பொதுக்கூட்டத்தில் கேட்ட செயலாளர், தன் பங்குக்கு இன்னொன்றைப் போட்டு இன்னொரு கடவுச்சொல்லை வைத்தார். கணினி மூச்சு வாங்கியது. சபை கைதட்டியது. பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் எங்கள் ஊரார் கேள்வி கேட்பதில்லை. பழக்கம்.

ஒரு செத்தவீட்டில் வாய்க்கரிசி போடும் நேரத்தில், கணினிக்குள் இருந்து ஒரு வெள்ளைக்காரியின் குரல், 'அச்சுறுத்தல் நீக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் அறிவித்தது. பெட்டியில் கிடந்த மாமியின் மருமகன் மட்டும் மெல்லத் தலையாட்டினார்.

இந்தப் புதன்கிழமை பெட்டியில் கிடந்தவர் சிவக்கொழுந்து. மகள் உதயகலா பக்கத்தில் இருந்தாள். ஒரே மகன் வாகீசன் பாரிசில். அவனுடைய அகதி வழக்கு முடியவில்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. முதல்நாள் அவன் கனகலிங்கத்தை அழைத்தான்.

"அண்ணை, கொள்ளி வைக்கத்தான் எனக்குக் குடுத்துவைக்கேல்லை. பெட்டி மூட முதல் முகத்தை ஒருக்காப் பாத்தாக் காணும்."

"தம்பி, நீ ஒண்டுக்கும் யோசியாதை. சங்கம் இருக்கு."

சங்கம் இருந்தது. அதில் எவருக்கும் சந்தேகம் வேண்டாம்.

சாவீட்டு ஹோலில் நீள வாங்குப் பலகையின் மேல் பெட்டி. பெட்டியைப் பார்த்தபடி கமரா. அங்கிருந்து வயர் இழுத்துப் பக்க விறாந்தையில் கணினி. அதன் முன்னால் பிரசாந்தி. பாடசாலையில் கணினி படிப்பிக்கிறவள். சங்கத்தில் 'மகளிர் பிரதிநிதி'. அவளுடைய பிரதான கடமை, தங்களுக்குள் நேரே கதைக்காத தலைவருக்கும் செயலாளருக்கும் நடுவில் இருப்பது.

அவள் ரூட்டரை நிறுத்திப் போட்டாள். வயரைக் கழற்றிப் பூட்டினாள். கணினியை நிறுத்திப் போட்டாள். அந்த இடைவெளியில் ஐயர் ஒரு கிரியையைத் தொடங்கி முடித்தார். இணையம் வரவில்லை.

"லைனிலை பிழையில்லை," என்றாள். "உள்ளுக்கை ரெண்டு காவல்காரர் நிக்கினம். ஆளை ஆள் கள்ளன் எண்டு பிடிச்சு வைச்சிருக்கினம். அந்தச் சண்டையிலை வாசலும் பூட்டுப்பட்டுப் போச்சு."

"என்ரை காவல்காரன் பிழை விடான்," என்றார் கனகலிங்கம்.

"என்னவாம்?" என்று பஞ்சலிங்கம் பிரசாந்தியைக் கேட்டார். அவருடைய தோள் கனகலிங்கத்தின் தோளில் முட்டிக்கொண்டிருந்தது.

"தன்ரை பிழை விடாதாம்."

"பிழை விடாதது ஏன் என்ரையைப் பிடிச்சது எண்டு கேள், பிள்ளை."

"அண்ணைமார், ரெண்டையும் நிப்பாட்டினாக் காணும். பாஸ்வேர்ட்டை அடியுங்கோ. உடனை படம் போகும்."

"நிப்பாட்டலாம்," என்றார் தலைவர் பெருந்தன்மையோடு. "அவர் முதல் நிப்பாட்டட்டும்."

"ஏன், தலைவர் முதல் நிப்பாட்டட்டுமன். எந்த மேடையிலையும் முதல் ஏறுறவர் அவர்தானே?"

"ஏறேக்கை முதல். இறங்கேக்கை இல்லை எண்டு சொல்லு, பிள்ளை."

கனகலிங்கத்தின் நிலைப்பாட்டில் ஆழம் இருந்தது. தன் காவலை முதலில் நீக்கினால், கொஞ்ச நேரத்துக்குச் செயலாளருடைய காவல் மட்டும் கணினியில் நிற்கும். கொஞ்ச நேரம்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரமும் சங்கம் பஞ்சலிங்கத்தின் கையில். உலகத்தில் ஆட்சிகள் அதைவிடக் குறைந்த நேரத்தில் மாறியிருக்கின்றன.

உதயகலா எழும்பி வந்தாள். அழுது குரல் கம்மியிருந்தது.

"கனகலிங்கம் அண்ணை, அங்கை இன்னும் விடியேல்லையாம். தம்பி முழுகிப்போட்டு ஸ்கிரீனுக்கு முன்னாலை குந்தியிருக்கிறான். வருமோ?"

"வரும், பிள்ளை. பாதுகாப்பு ஏற்பாடுகள் நடக்குது."

"பன்னிரண்டுக்கு ராகுகாலமாம். அதுக்கு முதல் எடுக்கோணும் எண்டு ஐயர் நிக்கிறார். நான் என்ரை போனிலை ஒருக்கா..."

"போன் ஏலாது!" என்றார்கள் தலைவரும் செயலாளரும் ஒரே குரலில்.

உதயகலா கையில் இருந்த போனைச் சேலைக்குள் செருகினாள். அம்மாவைத் தூக்குவது சங்கத்தின் ஆட்கள். எரிப்பது சங்கத்தின் விறகு. பிரசாந்தியும் கைப்பையில் இருந்து அரைவாசி எடுத்த தன் கைபேசியைத் திரும்ப உள்ளே விட்டாள். அவளுடைய தகப்பன் படுக்கையில் கிடந்தார். தூக்குவதற்கு ஆட்கள் அவளுக்கும் தேவைப்படும்.

விறாந்தையில் அவசரக் கூட்டம் கூடியது.

"ரெண்டு பேரும் ஒரேயடியாய் அடிச்சால் என்ன?" என்றார் பஞ்சலிங்கம், தூணைப் பார்த்து.

"கீபோர்ட் ஒண்டுதான் இருக்கு," என்றாள் பிரசாந்தி.

"சுன்னாகத்துக்கு ஆள் விட்டு இன்னொண்டு எடுப்பிப்பமே?"

"எடுப்பிக்கலாம்," என்றார் கனகலிங்கம், அடுத்த தூணைப் பார்த்து. "ஆனால் மூண்டு கடையிலை விலை கேக்கவேணும். நாளைக்கு ஆரும் எங்களைக் கள்ளர் எண்டு சொல்லக்கூடாது."

"அப்ப திருவுளச்சீட்டுப் போடுவம்."

இந்த யோசனையில் குற்றம் காண முடியாமல் கனகலிங்கம் சிறிது நேரம் தவித்தார். பிறகு கண்டார்.

"துடக்கு வீட்டிலையோ? சாமிப் படத்துக்கு முன்னாலையெல்லே சீட்டு எடுக்கவேணும்?"

சரியான ஆட்சேபம். செத்தவீட்டில் சாமிப் படங்கள் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. ஆகவே கூட்டம் பின்வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் பக்கத்து வீட்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. சாட்சியாகப் பிரசாந்தியும் அழைத்துச் செல்லப்பட்டாள். அந்த வீட்டுக்காரி மகாதேவி வாசலிலேயே மறித்தாள்.

"செத்தவீட்டாலை வந்து முழுகாமல் என்ரை சாமியறைக்கை கால் வைக்கப்போறியளோ? நல்லாயிருக்கு!"

தலைவரும் செயலாளரும் கிணற்றடிக்குப் போனார்கள். கிணற்றடியில் வாளி ஒன்றுதான் இருந்தது. யார் முதலில் அள்ளுவது என்பதில் எழுந்த பிரச்சினையை இங்கே விரிக்கத் தேவையில்லை. அது இறுதியில் சுமுகமாகத் தீர்ந்தது. மகாதேவி அள்ளி இருவர் தலையிலும் மாறி மாறி ஊற்றினாள்.

தலை துவட்டும்போது வேலிக்கு அப்பால் சங்கு ஊதினார்கள். பறை உரத்தது. உதயகலா குழறி அழுவது கேட்டது.

"அண்ணை, எடுக்கப் போறாங்கள் போலை," என்றாள் பிரசாந்தி.

கனகலிங்கம் புன்னகைத்தார். "நான் இல்லாமல் எடுப்பினமோ?"

பஞ்சலிங்கத்துக்கும் தன்னைப் பற்றி அதே நம்பிக்கை இருந்தது. அவர் நிதானமாகத் திருநீறு பூசிக்கொண்டார்.

மகாதேவி சீட்டை எடுத்தாள். செயலாளர்தான் முதலில் நிறுத்தவேண்டும் என்று வந்தது. கனகலிங்கத்தின் நெஞ்சு நிமிர்ந்தது. ஈர வேட்டியோடு அவர் வேலிப் பொட்டைக் கடந்த விதத்தில் ஒரு கம்பீரம் இருந்தது. சங்க வரலாறு ஒருநாள் எழுதப்படும். அதில் யார் முதலில் இறங்கினார் என்பதும் இருக்கும்.

பஞ்சலிங்கம் கணினியின் முன் இருந்தார். மற்றவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். பிறகு கனகலிங்கம் இருந்தார். எல்லோரும் மறுபடி சுவரைப் பார்த்தார்கள். அவர் அடித்து முடித்ததும் திரை சிவந்து, இந்தக் கணினிக்கு இனிப் பாதுகாப்பு எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் எச்சரித்தது. அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். ஆனாலும் ஊருக்காக, 'சரி' என்பதை அமுக்கினார்.

இணையம் வந்தது.

"வந்திட்டுது!" என்றார் கனகலிங்கம், நேரே பஞ்சலிங்கத்தின் முகத்தைப் பார்த்து.

"ஓம், வந்திட்டுது!" என்றார் பஞ்சலிங்கம், நேரே.

பல வருடங்களில் அவர்கள் ஆளோடு ஆள் கதைத்த முதல் வார்த்தைகள் அவை. இருவருக்கும் கண் கலங்கியது. பிரசாந்தி அதைப் பார்க்கவில்லை. அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டு காவல்காரரின் பாரமும் இறங்கிய கணினி, இளந்தாரி மாதிரி ஓடியது. ஹோல் தெரிந்தது. வாங்கு தெரிந்தது. வாங்கின் கீழே சிந்திய வாய்க்கரிசி ஒவ்வொரு மணியாகத் தெரிந்தது. இரண்டு பெண்கள் வாளியால் தண்ணீர் ஊற்றி நிலத்தைக் கழுவத் தொடங்கியிருந்தார்கள். பறைச் சத்தம் ஒழுங்கையின் முடக்கைத் தாண்டிச் சுடலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

திரையின் மூலையில் இன்னொரு சின்னப் பெட்டி திறந்தது. அதில் வாகீசன் வேட்டியோடு இருந்தான். அவனுக்குப் பின்னால் அறைத் தோழர்கள் நாலைந்து பேர், படம் வந்ததைக் கண்டதும் கட்டிலில் இருந்து எழும்பிக் கைகூப்பினார்கள்.

கனகலிங்கம் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். சங்கத்தின் சார்பில் சொல்ல ஆயத்தப்படுத்திய வசனங்கள் அவரிடம் இருந்தன. தொண்டையைச் செருமினார். கமரா காட்டும் ஹோலை ஒருமுறை பார்த்தார்.

வாகீசன் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தான்.

"அண்ணை, நல்ல கிளியராத் தெரியுது. வாங்கு தெரியுது. அம்மாவை எந்தப் பக்கம் வைச்சிருக்கிறியள்?"