மொட்டைமாடித் தக்காளியும் என் வைரஸ் ஆராய்ச்சியும்

நிறையப் படிக்கிறவர்களிடம் செடியை ஒப்படைக்கக் கூடாது. பூனையை ஒப்படைக்கலாம், பயமாக இருந்தால் அது ஓடிவிடும். செடிக்கு அந்த வசதி கிடையாது.

போன பங்குனியில் என் மனைவி மல்லிகா, அக்கா பேரனுக்குக் காதுகுத்து என்று மணப்பாறைக்குக் கிளம்பினாள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் மொட்டைமாடியில் ஆறு பெயின்ட் வாளிகளில் அவள் வளர்த்த தக்காளி காய்த்துக் குலுங்கிய நேரம். “மாடி வெயில்ல தக்காளியாவது வர்றதாவது” என்று திருவெறும்பூர் சம்பந்தியம்மா ஒருமுறை சிரித்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருந்தது. ஆகவே அந்த ஆறு வாளியிலும் இருந்தது வெறும் தக்காளி இல்லை, மல்லிகாவின் மானம்.

“காலைல தண்ணி ஊத்துங்க. வேற எதுவும் செய்யாதீங்க,” என்றாள் ஆட்டோவில் ஏறிக்கொண்டே.

“வேற எதுவும்னா?”

“நீங்க செய்வீங்கள்ல, அது.”

எதையும் தேதி போட்டுப் பதிவு செய்வது என் பழக்கம். (கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள்கூட என்னிடம் இருக்கும்.) எனவே தினமும் செடிகளைப் படம் எடுக்க முடிவு செய்தேன். ஒப்பிட வசதியாக எல்லாப் படமும் ஒரே நேரத்தில், நிழல் விழாத உச்சி வெயிலில். காலையில் கண்ணாடி போடாமல்தான் தண்ணீர் ஊற்றுவேன். வாளி தெரிந்தால் போதும்.

முதல் படத்திலேயே இலைகள் மேல்நோக்கிச் சுருண்டிருந்தன. கீழே ஓடி வந்து படித்தேன். இலைச்சுருட்டை வைரஸ். வெள்ளை ஈ பரப்பும். மருந்து கிடையாது, பிடுங்கி அழிக்க வேண்டும். மறுபடி மேலே ஓடினேன், செருப்பில்லாமல். வெள்ளை ஈ ஒன்றுகூட இல்லை. ஒளிந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

அதன்பின் உட்கார முடியவில்லை. மதியச் சாப்பாட்டில் பாதியில் எழுந்து போய்ப் பார்த்தேன். மறுநாள் மதியமும் அதே சுருட்டல். சாயங்காலம் மல்லிகா போன் செய்தாள்.

“செடி எப்படி இருக்கு?”

“கண்காணிப்புல இருக்கு.”

“ஏங்க, அது செடிங்க.”

சனிக்கிழமை மதியமும் படம் மாறவில்லை. குறைவாகச் சுருண்டிருந்த ஒரு செடியையாவது காப்பாற்ற, மற்ற ஐந்தையும் பிடுங்கி மூட்டை கட்டினேன். மனசு வராமல் காய்களை மட்டும் பறித்து வைத்துக்கொண்டேன். ஊரையே தொற்றுநோயிலிருந்து மீட்டவன்போல இருந்தது.

மல்லிகா பொழுது சாயும் நேரத்தில் வந்து, நேராக மாடிக்குப் போனாள். வெறும் வாளிகளைப் பார்த்தாள். பிறகு மிச்சமிருந்த செடியைப் பார்த்தாள். அதன் இலைகள் விசிறிபோல விரிந்திருந்தன.

“இது நல்லாத்தானே இருக்கு?”

“மதியம் பாக்கணும் நீ,” என்று படங்களைக் காட்டினேன்.

ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். “எல்லாமே மதியத்துல எடுத்தது. வெயிலுக்கு இலை சுருளும், சாயங்காலம் விரியும். மதியம் நீங்களும்தான் சுருண்டு படுக்கிறீங்க. பிடுங்கிடலாமா?”

மறுநாள் சம்பந்தியம்மாவுக்குப் பச்சைத் தக்காளித் துவையல். இரண்டாம் முறை போட்டுக்கொண்டு, “பழமா வரலையா? நான்தான் அப்பவே சொன்னேன்ல, இந்த வெயிலுக்கு வராதுன்னு,” என்றார்.

“வெயிலுக்கெல்லாம் வந்துச்சு சம்பந்தி. இவர்கிட்டதான் தப்பிக்க முடியல,” என்று மல்லிகா முழுக்கதையையும் சொன்னாள். எனக்கு ரசம் ஊற்ற ஆளில்லை.

இப்போதும் மதியத்தில் சம்பந்தியம்மா போன் செய்தால், முதலில் என்னைத்தான் விசாரிக்கிறார். தூக்கத்தினூடே மல்லிகாவின் பதில் கேட்கும்:

“சுருண்டுதான் கிடக்கிறார். சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு விட்டு வச்சிருக்கேன்.”