பெண் பார்க்க வந்த இடத்தில் தாரந்தோ

நெய்வேலியில் ஆயிரம் பேர் நிலக்கரி தோண்டினார்கள். இத்தாலியைத் தோண்டியவர் ஒருத்தர்தான்.

அறுபதுகளில் எங்கள் பிளாக்கில் குடியிருந்த அவரைத் ‘தாரந்தோ அண்ணன்’ என்போம். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். உலக யுத்தத்தில் பட்டாளத்து லாரி ஓட்டிக்கொண்டு இத்தாலிக்குப் போனவர். தாரந்தோ என்கிற கடற்கரைப் பட்டணத்தில் லாரி படுத்துவிட்டது. ரிப்பேர் சாமான் வந்து சேரும்வரை வேலை இல்லை. அந்த ஊர்ப் பாதிரியார் ஒருவர் இவரைத் தெருத்தெருவாகக் கூட்டிப்போய்ச் சரித்திரம் சொன்னாராம். அவர் இத்தாலி பாஷையில் சொல்ல, இவர் தமிழில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இங்கே அண்ணன் ஷிப்டு பஸ் டிரைவர். எங்கள் தலையெழுத்து! ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்கவா முடியும்? ஸ்டியரிங்கைப் பிடித்தால் மைன்ஸ் போய்ச் சேரும்வரை தாரந்தோதான்.

“ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக் கோயிலுப்பா. ரெண்டே தூணு மிச்சம். அதுக்குப் பக்கத்துலியே ஜனங்க துணி காயப் போட்டுக்கினு இருக்காங்க!” “கடல் நத்தையிலேர்ந்து சாயம் எடுத்தானுங்க, ராஜா கட்டுற ஊதாத் துணிக்கு!” “அங்க சிலந்தி கடிச்சா மருந்து கெடையாது. டான்ஸ்தான்!”

ஒருநாள் எங்கள் போர்மேனைச் சிலந்தி கடித்துவிட்டது. அண்ணன் பஸ்ஸை ஓரங்கட்டி, “ஆடுங்க சார், எறங்கிடும்” என்று ஒற்றைக்காலில் நின்றார். போர்மேன் ஆடினாரா இல்லையா என்று நான் சொல்ல மாட்டேன். மனுஷர் இன்னும் உயிரோடு இருக்கிறார்.

அண்ணனுக்கு மல்லிகா ஒரே மகள். விழுப்புரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். தாரந்தோ பேச்சு எப்படியோ வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அத்தை மரியாதைக்கு, “அந்த ஊர யாருங்க கட்டினது?” என்று கேட்டுத் தொலைத்தார்.

அண்ணன் உற்சாகமாக, “கல்யாணம் ஆவாத பொண்ணுங்களுக்குப் பொறந்த பசங்கம்மா! சொந்த ஊருல சேத்துக்கல. கப்பலேறி வந்து கட்டிட்டானுங்க!” என்றார்.

பஜ்ஜி தட்டிலேயே கிடந்தது. விழுப்புரம் எழுந்து போய்விட்டது.

அடுத்து திருவதிகையிலிருந்து ஒரு நல்ல இடம். பையனின் அப்பா பண்ருட்டியில் முந்திரி வியாபாரி. இதுவும் கைவிட்டுப் போனால் பெண்ணை யார் கேட்டு வருவார்கள் என்று அண்ணி அழுதார். பிளாக்கே திரண்டு அண்ணனிடம் சத்தியம் வாங்கினோம்.

“ஆமாங்க, இல்லீங்க. இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாதுண்ணே.”

“தாரந்தோன்னு ஊரு பேரு மட்டுமாச்சும்...”

“மூச்!”

வந்தார்கள். ஒத்தாசைக்கு நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முந்திரிக்காரருக்கு ஊர்ப் பெருமை தாங்கவில்லை.

“எங்க திருவதிகை கோயிலப் பாத்திருக்கீங்களா? எவ்ளோ பழசு! அந்த மாதிரி பழைய ஊரு இந்த ஒலகத்துல வேற எங்கனா உண்டா, நீங்களே சொல்லுங்க!”

அண்ணனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது, வேர்த்துக் கொட்டியது. “இல்லீங்க” என்றார். பாவம், யுத்தத்தில்கூட அவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டார்.

அதற்கப்புறம் எதைக் கேட்டாலும் ஆமாங்க, இல்லீங்க. முந்திரிக்காரர் முகம் சுருங்கிவிட்டது. “என்னாங்க இது, பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா மொதல்லியே சொல்லியிருக்கலாமே? கெளம்புங்க எல்லாரும்!” என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

உள்ளேயிருந்து விடுவிடுவென்று வந்தாள் மல்லிகா.

“மாமா, ஒக்காருங்க. எங்கப்பா பேசக் கூடாதுன்னு இவங்கள்லாம் சத்தியம் வாங்கிக்கினாங்க. அவரு வாய மூடிக்கினு இருந்தாத்தான் எனக்குக் கல்யாணம்னா, அந்தக் கல்யாணமே எனக்கு வேணாம். யப்பா, நீ சொல்லு. யானை வந்த கதைய சொல்லு!”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஆரம்பித்தார் பாருங்கள்! தாரந்தோக்காரர்கள் ரோமாபுரித் தூதனின் பேச்சைக் கேலி செய்து, அவன் துணியையும் அசிங்கப்படுத்துகிறார்கள். சண்டை மூளுகிறது. ஒண்டியாகச் சமாளிக்க முடியாமல் கடலுக்கு அந்தப் பக்கத்து ராஜாவைக் கூப்பிடுகிறார்கள். அவன் கப்பலில் யானைகளை ஏற்றிக்கொண்டு வருகிறான்.

“ரோமாபுரிக்காரன் யானைய அதுக்கு முன்ன பாத்ததே இல்லீங்க! குதிரையெல்லாம் மெரண்டுக்கினு ஓடுது!” என்று அண்ணன் நாற்காலிமேல் ஏறிப் பிளிறினார். நின்றுகொண்டிருந்த முந்திரிக்காரர் மெல்ல உட்கார்ந்தார். கதையிலிருந்து கண்ணை எடுக்காமலே பஜ்ஜியை எடுத்தார். பையன் மல்லிகாவைப் பார்த்துச் சிரித்தான். அவளும்தான்.

“கடைசி பஸ் போயிடும்!” என்று யாரோ கத்த, யானை பாதியில் நின்றது. எல்லோரும் விழுந்தடித்து ஓடினோம். போய்க் கடுதாசி போடுகிறோம் என்றுகூட அவர்கள் சொல்லவில்லை, ஏறிவிட்டார்கள். பஸ் கிளம்பியது. அண்ணன் முகம் செத்துவிட்டது.

ஜன்னலிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“சம்பந்தி! ஏங்க சம்பந்தி! அந்த யானைங்க ஊரு திரும்பிச்சா இல்லியா?”

சம்பந்தி! அண்ணன் வாயைத் திறந்தார். பொலபொலவென்று கண்ணீர்தான் வந்தது. ஒருத்தர் தானாகவே தாரந்தோவைப் பற்றிக் கேட்கிறார், இவருக்குப் பேச்சு வரவில்லை!

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் பின்னாலேயே நான் ஓடினேன். “திரும்பலீங்க மாமா! ரோமாபுரிக்காரன் புடிச்சி ஊர்கோலம் வுட்டுட்டான்!”

கேட்டதோ என்னவோ, முந்திரிக்காரர் கையை ஆட்டினார். மூச்சிரைக்க ரோட்டில் நின்றேன். என் கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வரவில்லை.