நீலமேகம் வீட்டு வைஃபைக்குப் பாடு வைத்தது

பழவேற்காட்டை ஒட்டிய எங்கள் குப்பத்துக்குச் செல்போன் சிக்னல் எட்டாது. வைஃபை இருக்கும் ஒரே வீடு நீலமேகத்தினுடையது. அந்த வைஃபை ஐந்து நிமிடம் வேலை செய்யும், பத்து நிமிடம் ஓய்வெடுக்கும். அவர் மகள் அர்ச்சனாவுக்கு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு லேப்டாப்பில் நேர்காணல். எட்டு மாதமாக விண்ணப்பம் போட்டு இப்போதுதான் ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. நடுவில் இணைப்பு அறுந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று பணிவன்புடன் தெரிவித்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பொன்னேரியிலிருந்து வைஃபை கம்பெனிக்காரர் மோகன்குமார் வந்து இறங்கினார். பதவி, தடையற்ற சேவை அலுவலர். வரும் வழியில் பஸ் இரண்டு தடவை நின்றுவிட்டதாம்.

"லேப்டாப்பை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?"

"பண்ணேன் சார்," என்றாள் அர்ச்சனா.

"ரவுட்டரை?"

"அதையும் பண்ணேன்."

"என் முன்னால பண்ணலையே."

அவர் முன்னிலையில் இரண்டும் முறைப்படி அணைக்கப்பட்டு, முறைப்படி போடப்பட்டன. பிறகு வைஃபையை மறக்கும்படி லேப்டாப்புக்குச் சொன்னார். மறந்ததும் நினைவுபடுத்தினார். லேப்டாப்பை ரவுட்டர் இருந்த இடத்துக்குக் கொண்டுபோனார்; ரவுட்டரை லேப்டாப் இருந்த இடத்துக்குக் கொண்டுவந்தார். கடைசியில் லேப்டாப்பிலேயே ரவுட்டரின் கணக்கைத் திறந்து பார்த்தவருக்கு முகம் மாறியது.

"இதுல நாப்பத்தேழு போன் ஏறியிருக்கு. யாருங்க இவங்கல்லாம்? 'பூபதி நண்டு', 'குப்பம்மா புதுசு', 'துளசிங்கம் டிவி'..."

துளசிங்கம் நான்தான். நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீலமேகத்துக்குக் கேள்வியே விளங்கவில்லை. "நம்ம ஊருக்காரங்கதான் சார். ஏரியில ஒரு எடத்துல எறா விழுதுன்னா நான் ஒருத்தனே அள்ளிக்கினு போவ முடியுமா? ஊரு இன்னா பேசும்?"

"முதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க."

மாற்றினார். மாற்றியதை ஊருக்கு மறைப்பது நாணயமில்லை என்று, மாலையில் கோயில் மைக்கில் புது பாஸ்வேர்டை இரண்டு முறை நிறுத்தி நிதானமாக அறிவித்தார். சற்று நேரத்தில் நாற்பத்தெட்டு போன் ஆனது. கூடுதலாக ஏறியது மோகன்குமாருடையது. அவரும் அறிக்கை அனுப்ப வேண்டுமே. 'பழுதின் காரணம்' என்ற கட்டத்தில் 'ஊர்' என்று தேர்ந்தெடுக்க வழியில்லாததால் 'காலநிலை' என்று தேர்ந்தெடுத்து, குறை முழுமையாகத் தீர்க்கப்பட்டது என்று அனுப்பிவிட்டுக் கிளம்பினார்.

புதன்கிழமை ஊர் கூடியது. ஏரியில் எந்த நாள் எவர் வலை போடுவது என்று நாங்கள் சீட்டுப் போட்டு முறை வைப்போம். அதற்குப் பாடு என்று பெயர். வைஃபைக்கும் பாடு வைப்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. நீலமேகம் குடும்பத்துக்கு விழுந்தது அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி.

"இன்னா நைனா இது? நம்ம வூட்டு வைஃபை, நமக்கே அடுத்த மாசமா?" என்றாள் அர்ச்சனா.

"சீட்டை நீதானே எடுத்தே? அதுக்கு நான் இன்னா பண்றது?"

வியாழக்கிழமை எனக்கு விழுந்திருந்தது. அர்ச்சனா என்னைப் பார்த்தாள். "துளசிங்கம் மாமா..." என்றாள். என் முறையை விட்டுக்கொடுத்தேன். கண் கலங்கிவிட்டது. அன்றைக்குக் கிரிக்கெட் வேறு இருந்தது.

நாற்பத்தேழு போனும் அணைந்து கிடக்க, நேர்காணல் பிசிறில்லாமல் நடந்தது. வேலை அவளுக்கே என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு நியமனக் கடிதம் வரும். பன்னிரண்டுக்குள் அதில் 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் விருப்பமில்லை என்று கருதப்படும்.

திங்கட்கிழமைப் பாடு வேலம்மாவுடையது. அவளும் பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்தாள். அன்று ஒரு படகும் ஏரியில் இறங்கவில்லை. ஊரே நீலமேகம் வீட்டில் நின்றது. எங்கள் குப்பத்துப் பெண் பொத்தானை அழுத்தப்போகிறாள். அதைப் படம்பிடித்து உடனுக்குடன் நாலு பேருக்கு அனுப்பாமல் இருந்தால் நாங்கள் என்ன மனிதர்கள்? சுண்ணாம்புக்குளத்திலிருக்கும் என் தங்கச்சிக்காக நான் நேரலையே போட்டேன்.

லேப்டாப்பில் வட்டம் சுற்றியது. அதையும் எடுத்தோம்.

"கையெடுத்துக் கும்புடறேன், எல்லாரும் போனை அணைச்சிடுங்க," என்றாள் அர்ச்சனா. அவள் அழுதுகொண்டே கும்பிட்டது எல்லோருடைய வீடியோவிலும் தெளிவாக விழுந்திருக்கிறது. ஆனந்தக் கண்ணீர் என்று கீழே எழுதிப் போட்டோம்.

பன்னிரண்டரைக்குப் பசி எடுத்தது, ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். நானும் நேரலையை முடித்தேன். இணைப்பு சட்டென்று உயிர் பெற்று, நியமனக் கடிதமும், அவளுக்கு விருப்பமில்லை என்பதை வருத்தத்துடன் ஏற்றுக்கொண்ட கடிதமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அர்ச்சனா இரண்டையும் படித்துவிட்டு லேப்டாப்பை மூடினாள். என் நேரலைக்கு மட்டும் அதற்குள் நானூறு பேர் வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். மனசு ஆறட்டும் என்று போனை நீட்டி அவளுக்குக் காட்டினேன்.