கண்டாக்கையாவின் சமூக சேவை

ஓய்வு பெற்ற நான்காம் நாள் காலை, கண்டாக்கையா பத்திநாதன் அடுக்களையில் பெரட்டு வைத்தார்.

முப்பத்திரண்டு வருஷம் தேயிலைத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவாக, விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நின்று பேர் கூப்பிட்டு, ஆட்களை மலைக்கு ஏற்றிய மனிதர். தோட்டத்து வீட்டை விட்டுக் கொட்டகலைக் கடைவீதிக்குப் பின்னால் குடிவந்ததும் கூப்பிட ஆளில்லை. டப்பாக்கள் இருந்தன. உயரப்படி வரிசையில் நிறுத்தினார். சீனியும் உப்பும் ஒரே உயரம். அன்று வீட்டுக்கு வந்த பங்குச் சாமியார் ஒரு வாய் தேத்தண்ணீர் குடித்துவிட்டுச் சிலுவைக் குறி போட்டார்.

"என்னாங்க, உங்களுக்கு ஒரு வேலை வேணும்," என்றாள் மனைவி றோசலின்.

"வேலையில்ல, சேவை. இனிமே என் உழைப்பு சமுதாயத்துக்குத்தான்."

"சமுதாயமா? அது தோட்டத்துல எந்தப் பிரிவுங்க? மேலயா, கீழயா?"

பத்திநாதன் பொறுமையாக விளக்கினார். கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு வீட்டிலேயே எழுத்தறிவு வகுப்பு. கட்டணம் கிடையாது. கரும்பலகை கூட வாங்கியாயிற்று.

ஒரே ஒரு சிக்கல். அவர் இத்தனை வருஷமும் எழுதியது இங்கிலீசில். தமிழைச் சத்தம் போடத்தான் பயன்படுத்தினார். சத்தத்துக்கு எழுத்துப்பிழை கிடையாது. ஆகவே அட்டனுக்குப் போய்ப் பாலர் பாடப்புத்தகம் வாங்கிவந்து, கண்ணாடிக்கு முன்னால் நின்று 'ழ' படித்தார்.

"நாக்கை மடக்குங்க," என்றாள் றோசலின்.

"மடக்கியாச்சு."

"கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல இப்பத்தான் மடங்குது."

முதல் ஞாயிறு ஒருவரும் வரவில்லை. அந்தக் குரலைக் கேட்டு வார நாட்களிலேயே கசந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை தேடியா வருவார்கள்? இரண்டாம் ஞாயிறு பதினோரு பெண்கள் சிலேட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் ராக்காயி. பத்திநாதனுக்குக் குழப்பம்.

"நீ ஏதாச்சும் சொன்னியா?"

"நான் என்னத்தைங்க கண்டேன்?"

அதற்கடுத்த குழப்பம் இன்னும் பெரிது. ஒரு வாரம் அ, ஆ. அடுத்த வாரம் பதினோரு பேரும் சொந்தப் பேர் எழுதினார்கள். அதற்கடுத்த வாரம் அவர் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றபோது, பின்பக்கத்துச் செய்தியை ராக்காயி கடகடவென்று வாசித்தாள். தமக்குள் இப்படியொரு வாத்தியார் ஒளிந்திருந்தது தெரியாமல் போயிற்றே என்று பத்திநாதன் மலைத்தார். கரும்பலகையில் அவர் 'மளை' என்று எழுதியதும் பதினோரு பேருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. அவர்களில் பூரணி எழுந்து, "ஐயா, வெண்கட்டி வழுக்கிருச்சு போல," என்றாள்.

ஆனாலும் அந்த ஞாயிறுகள் அவருக்கு இனித்தன. சனிக்கிழமையே சட்டையைத் தாமே இஸ்திரி போட்டார்.

ஐந்தாம் வாரம் தபால் கந்தோரில் முத்திரை விற்கும் முத்துலிங்கம் கேட்டார்: "ஐயா, அந்த ராக்காயி திருச்சிக்கு மாசம் ஒரு கடுதாசி போடுது. அஞ்சாறு வருஷமா எழுத்து முத்து முத்தா இருக்கு. யாருங்க சொல்லிக் குடுத்தது?"

பத்திநாதன் முத்திரை வாங்க மறந்து வீட்டுக்கு வந்தார்.

"ராக்காயிக்கு எழுதத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"நான்தாங்க. சாயங்காலம் கொழுந்து நிறுக்க வரிசையில நிப்பாங்கள்ல, அப்ப. நீங்க தராசை மட்டுந்தான பார்ப்பீங்க."

"மத்தவங்களுக்கு?"

"அவங்களுக்கும்தான்."

"பெறகு எதுக்குடி இங்க வந்து அ, ஆ எழுதுறாங்க?"

"நான்தான் கேட்டுக்கிட்டேன். ஐயா பாவம், வீட்டுல டப்பாவை அடுக்கிக்கிட்டு இருக்காரு, ஒரு மணி நேரம் வந்து உக்காந்துட்டுப் போங்கன்னு. அவங்களும் ஒரு சேவைதானேன்னு ஒத்துக்கிட்டாங்க."

பத்திநாதன் எழுந்தார். உட்கார்ந்தார். கோபப்படுவதா, நன்றி சொல்வதா என்று தெரியவில்லை. இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து அலமாரிக்குள் திணித்தார்.

"வகுப்பை மூடிடுறேன்."

"ஏங்க மூடணும்? அவங்களுக்குத் தெரியாததைச் சொல்லிக் குடுங்க. ஆஸ்பத்திரித் துண்டு, கந்தோர்க் கடுதாசி எல்லாம் இங்கிலீசுலதான் வருது. வாசிச்சுச் சொல்ல ஆளில்லாம அலையுறாங்க."

இங்கிலீசு! அது அவருடைய ராஜ்ஜியம். அடுத்த ஞாயிறு பத்திநாதன் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு நின்றார். "எந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேணும்? பயப்படாம கேளுங்க!"

ராக்காயி மடியிலிருந்து நாலாக மடித்த காகிதமொன்றை எடுத்தாள். "நாலு வருஷத்துக்கு முந்தி தோட்டத்துக் கந்தோர்ல குடுத்ததுங்க. எச்சரிக்கைன்னாங்க. என்னத்துக்குன்னு சொல்லல."

விரித்தார். கீழே தோட்டத்துத் தொரையின் ஒப்பம். மேலே முழுக்கப் பத்திநாதனின் எழுத்து. அந்த வருஷம் தோட்டத்திலேயே அதிகக் கொழுந்தெடுத்தவள் ராக்காயி. பெரட்டில் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டாள், அவ்வளவுதான். நிமிர்ந்தார். இன்னும் பத்து மடிகளிலிருந்து பத்துக் காகிதங்கள் வெளியே வந்துகொண்டிருந்தன.

காப்பாற்றச் சொல்லி அடுக்களைப் பக்கம் பார்த்தார். றோசலின் அங்கே இல்லை. கடைசி வரிசையில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"முதச் சொல்லை எழுதிப் போட்டு அர்த்தம் சொல்லுங்க, வாத்தியாரே."

தப்ப வழியில்லை. பத்திநாதன் வெண்கட்டியை எடுத்து, வேர்க்க வேர்க்க எழுதினார்: லேசி என்றால் சோம்பேறி.

பன்னிரண்டு பெண்களும் அவர் முகத்தைப் பார்த்தபடி ஒரே குரலில் வாசித்தார்கள்: "சோம்பேறி!"