ஆறு தோட்டாவும் பத்திரம்

சிக்கனத்துக்கு இந்தப் புதிய பாரதத்தில் யாராவது சிலை வைப்பதாக இருந்தால், அந்தச் சிலைக்கு ஜவளகிரி சென்னப்ப கவுடரின் முகத்தைத்தான் வைக்க வேண்டும். கையில் ஒரு ரிவால்வரும் வைக்க வேண்டும். சிக்கனத்துக்கும் ரிவால்வருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கவுடரை அறியாதவர்கள். நான் அவரிடம் ஒன்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவன்.

ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிய வருடம், "காட்டு யானைகளிடமிருந்து ஊர் வெள்ளாமையைக் காக்கும் பொருட்டு" என்று கவுடருக்கு ரிவால்வர் லைசென்ஸ் கேட்டு ஒரு மனு எழுதினேன். யானைக்கு ரிவால்வரா என்று அதிகாரி புருவத்தை உயர்த்தினார்.

"பெரிய துப்பாக்கி தோளை அழுத்துமுங்க. இதுன்னா இடுப்போட போயிரும்" என்றார் கவுடர்.

விவசாயியின் சௌகரியமே நாட்டின் சௌகரியம் என்று அதிகாரி கையெழுத்துப் போட்டார். பெங்களூருக்குப் போய் ரிவால்வரும் ஆறு தோட்டாவும் வாங்கி வந்தோம். அன்று சாயங்காலமே கவுடர் ஒரு மகத்தான உண்மையைக் கண்டுபிடித்தார்.

"குமாஸ்தா, இதுல சுட்டா தோட்டா தீந்துபோகுமா?"

"ஆமாங்க."

"அப்புறம் எவன் சுடுவான்?"

இப்படிப் பிறந்ததுதான் 'செலவில்லாப் பயிற்சி முறை'. தோட்டாக்கள் பூஜை அறைக்குப் போயின. காலி ரிவால்வரோடு கவுடர் மாந்தோப்புக்குப் போனார். விசையை இழுத்தால் 'டிக்' என்றது. அவ்வளவுதான். வீரனுக்கு அது போதுமா?

எல்லப்பன் கவுடரின் வாரக்குடி, விளைச்சலில் பங்கு கொடுத்து அவர் நிலத்தை உழுகிறவன். காட்டோரமாக ஒரு ஏக்கர் ராகி பயிரிடுகிறவன். அவனும் மனைவி கெம்பம்மாவும் நான்கு பிள்ளைகளும் வருடம் முழுக்கத் தின்னும் களி அந்த ஒரு ஏக்கரில்தான் விளைய வேண்டும். யானை இறங்கும் காலத்தில் பரண்மேல் உட்கார்ந்து ஒரு பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டுவான். தகரமா அது! பக்கத்து ஊர் தளி வரைக்கும் கேட்கும். யானைகள் திரும்பிப் போய்விடும்.

அந்தச் சத்தம் கவுடரின் காதிலும் விழுந்தது. மறுநாளே தகரம் 'ஆயுத உபகரணம்' என்ற அந்தஸ்தை அடைந்து கவுடர் வீட்டுக்கு வந்தது. கூடவே எல்லப்பனும் வந்தான். கவுடர் விசையை இழுப்பார். 'டிக்' என்றதும் புதர் மறைவிலிருந்து எல்லப்பன் தகரத்தில் ஒரு போடு போடுவான். இன்னொரு கையால், காம்பில் கட்டிய கயிற்றைச் சுண்டுவான். மாங்காய் விழும். வைகாசி முடிவதற்குள் கவுடர் முந்நூறு மாங்காய்களை வீழ்த்திவிட்டார். ஒருநாள் எல்லப்பனுக்குத் தும்மல் வந்து, கவுடர் ரிவால்வரை உருவும் முன்பே காய் விழுந்தது.

"பயந்துருச்சு" என்றார் கவுடர். நான் ஆமோதித்தேன். எனக்குச் சம்பளம் அதற்குத்தான்.

பராமரிப்பும் அப்படித்தான். பெங்களூர்க்காரன் சொன்ன எண்ணெய் விலை அதிகம். வீட்டில் விளக்கெண்ணெய் இருக்க வேறு எண்ணெய் எதற்கு? அதை ஊற்றினார். ஆயுத பூஜைக்கு வெளியே மட்டும் பொட்டு வைத்தால் துப்பாக்கியின் உள்மனம் வருந்தாதா? ஆகவே உள்ளேயும் சந்தனம் அப்பினார். குழல் வாயில் ஒரு செவ்வந்திப் பூ. தகரத்துக்கும் மூன்று பொட்டு. இரண்டையும் ஜோடியாக இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

ராகி கதிர் முற்றியது. கெம்பம்மா வந்து வாசலில் நின்றாள்.

"சாமி, ஆனை எறங்கற காலம். எங்க தகரத்தைக் குடுங்க."

"துப்பாக்கி இருக்கறப்போ தகரம் எதுக்கு? ஆனை வந்தா ஒரு கொரல் குடு."

கார்த்திகையில் ஒரு காலை, நன்றாக வெயில் ஏறிய நேரம், கெம்பம்மா குரல் கொடுத்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"சாமி, மூணு ஆனை! ராகிக் கொல்லையில நிக்குது! சொம்பைத் தட்டிப் பாத்தோம், காதுலயே போட்டுக்கல. மேல பாத்து ஒரே ஒரு வெடி போடுங்க!"

"மேல பாத்துச் சுட்டா தோட்டா திரும்பி வருமா?" என்றார் கவுடர்.

"வெடி வேணாஞ் சாமி. தகரத்தையாச்சும் குடுங்க!"

"தகரத்தை உனக்குக் குடுத்துட்டா துப்பாக்கி எப்படி வெடிக்கும்?"

இந்தக் கேள்விக்கு உலகத்தின் எந்தச் சேனாதிபதியாலும் பதில் சொல்ல முடியாது. பூஜை போட்ட ஆயுதத்தைக் குளிக்காமல் தொடலாகாது என்பதால் கவுடர் வெந்நீர் போடச் சொன்னார். விறகு ஈரம். கெம்பம்மாவே அடுப்பின் முன் உட்கார்ந்து, கண்ணீர் வழிய வழிய ஊதினாள். புகையால் மட்டும் வந்த கண்ணீர் அல்ல அது.

ஒருவழியாகக் கவுடரும் ரிவால்வரும் நானும் தகரமும் கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தோம். பாதி ராகி யானைகளின் வயிற்றில். மீதி காலடியில். எல்லப்பன் தகரத்தை வாங்கிக்கொண்டு, பழக்க தோஷத்தில் நேராகப் புதருக்குப் பின்னால் போய்க் கம்பை ஓங்கி நின்றான். கவுடர் ஒற்றைக் கண்ணை மூடிக் குறி பார்த்து விசையை இழுத்தார். விளக்கெண்ணெயும் சந்தனமும் இறுகிக் கிடந்ததில் விசை அசையவில்லை. 'டிக்' கேட்டால்தானே எல்லப்பன் அடிப்பான்? ஓங்கிய கம்பு ஓங்கியபடியே நின்றது. செவ்வந்தி இதழ் ஒன்று மட்டும் உதிர்ந்தது.

"அடி, அடி மனுசா!" என்று கத்திக்கொண்டே கெம்பம்மா பாய்ந்து கம்பைப் பிடுங்கினாள். தகரம் நெளிய நெளிய அடித்தாள். யானைகள் நிமிர்ந்து பார்த்தன. கடைசிக் கதிரையும் வாயில் போட்டுக்கொண்டு, அவசரமில்லாமல் காட்டுக்குள் நடந்தன.

"பாத்தியா, ஓடுது!" என்றார் கவுடர்.

அந்த வாரமே லைசென்ஸ் புதுப்பிக்கும் பாரம் வந்தது. 'ஆயுதத்தின் பயன்' என்ற இடத்தில் "யானைக் கூட்டம் விரட்டப்பட்டது" என்று எழுதினேன். 'செலவான தோட்டா' என்ற இடத்தில் "இல்லை". இப்படி ஒரு சிக்கனத்தைத் தம் உத்தியோகத்திலேயே கண்டதில்லை என்று அதிகாரி பிறகு வியந்தாராம். கவுடருக்குச் சால்வையும் கிடைத்தது.

நான் எழுதிக்கொண்டிருந்தபோது கெம்பம்மா வாசலில் வந்து நின்றாள். தகரத்தைக் கேட்க வரவில்லை. காப்பாற்ற இனி கொல்லையில் ஒன்றும் இல்லை.

"எழுதறவரே, எங்க ராகி போனதையும் ஒரு வரி எழுதுங்க. சர்க்காருல பாத்து ஏதாச்சும் குடுப்பாங்க. புள்ளைங்களுக்குத் தை மாசத்துக்குக் களி இல்ல."

"அதுக்கு இந்தப் பாரத்துல எடம் இல்லம்மா" என்றேன்.

இடம் இருந்தது. கடைசிக் கேள்வியே அதுதான்: 'இந்த ஆயுதத்தால் இவ்வருடம் எவருக்கேனும் சேதம் உண்டா?' அவளுக்குப் படிக்கத் தெரியாது. கவுடர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். அழகான கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், "இல்லை" என்று எழுதினேன்.

ஒன்பது வருடத்தில் அந்த வீட்டில் ஒரே ஒரு முறைதான் குறி தவறாமல் சுடப்பட்டது. சுட்டவன் கவுடர் அல்ல.